60 கிலோ 65 கிலோ ஆனதற்கு 650 ரூபாயா?

போன வருஷப் புத்தகம் வைத்திருந்தால் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டுமாம். என் தங்கச்சி மகள் நின்றிருக்கிறாள். பி.எஸ்சி. இயற்பியல், முதல் வருஷம். சீனியர் அக்கா ஒருத்தி கொடுத்த புத்தகத்துக்கு அட்டை போட்டு, பேர் எழுதிப் பத்திரமாக வைத்திருந்தாள். "புது எடிஷன் வாங்காதவங்க எல்லாம் எந்திரிங்க" என்று பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு நானே கல்லூரி கவுன்டருக்குப் போனேன். புத்தகம் 650 ரூபாய். "அண்ணே, தனியா தர மாட்டோம், செட்டாத்தான்" என்றான் அங்கிருந்த தம்பி. அவளுக்கு வேண்டியது ஒன்று, செட்டில் இருப்பது மூன்று. கால் மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு ஒன்றை எடுத்து வைத்தான். "பில் குடுப்பா" என்றேன். "பில்லெல்லாம் கிடையாதுண்ணே, நோட்டுல பேர் எழுதிக்கிருவோம்." பேர் எதற்கு? வாங்காதது யார் என்று டிபார்ட்மென்டுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு. "யாரு எழுதுன புக்கு தம்பி?" என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பின்னட்டையைத் திருப்பினால் துறைத் தலைவர் போட்டோவோடு இருக்கிறார். அதற்குள் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்: "மாமா, போதும், வாங்க போயிரலாம். இன்டர்னல் மார்க் அவர் கையிலதான் இருக்கு." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டினேன்.

ராத்திரி கடையை அடைத்துவிட்டு இரண்டு எடிஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் ஜெராக்ஸ் கடைக்காரன். நாள் முழுக்கப் பக்கம் பார்ப்பதுதான் பிழைப்பு. ஒரு கணக்கில் லிஃப்டில் நிற்கிற ஆள் போன வருஷப் புத்தகத்தில் 60 கிலோ, இந்த வருஷத்ததில் 65. ஏழாவது கணக்கு பன்னிரண்டாவது இடத்துக்குப் போயிருக்கிறது. எழுத்துப்பிழைகள்கூட அப்படியே இருக்கின்றன. புதுசாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று: கடைசியில் கிழித்துக் கொடுக்கிற வொர்க்‌ஷீட். கிழித்துக் கொடுத்தால்தான் மார்க். கிழித்த புத்தகத்தை அடுத்த வருஷம் வருகிற பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அதற்காகவே செய்த வேலை இது. என் தங்கச்சி உசிலம்பட்டிப் பக்கம் விடியுமுன்னே மல்லிகைப்பூ பறிக்கப் போகிறவள். கிலோ கணக்கில் கூலி. 650 ரூபாய் சேர்க்க எத்தனை விடியல் குனிய வேண்டும் என்று அந்தத் துறைத் தலைவருக்குத் தெரியுமா?

நியூட்டன் விதிகள் வந்து 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் வருஷா வருஷம் என்ன புது எடிஷன்? அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகம் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்று 2012-லிருந்து கல்லூரிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதில் யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ் மூன்று பாகம். இயக்கவியலிலிருந்து ஒளியியல் வரைக்கும் இருக்கிறது. அது வெறும் இலவச பிடிஎஃப் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டு வந்தது. மூலத்தின் பேரைச் சொல்லிவிட்டால் போதும்: நம் சிலபஸுக்கு வேண்டிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றி எழுதலாம், தமிழில் கொண்டுவரலாம், அச்சடித்து விற்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்தத் துறைத் தலைவர் அதை எடுத்து நம் சிலபஸுக்கு ஏற்ற மாதிரி ஒரு தடவை அமைத்துக் கொடுத்திருந்தால் நானே அச்சுக்கூலிக்கு அடித்துத் தந்திருப்பேன். வருஷா வருஷம் அதே புத்தகம் கைமாறிக்கொண்டே போகும்.

நம் ஆட்களே செய்து காட்டியிருக்கிறார்கள். ஐஐடிகள் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்கிற இணைய வீடியோப் பாடங்களை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். மதுரையின் பேரிலேயே 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முழுக்கத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டார்கள், அதுவும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சங்கப்பாட்டை இலவசமாகத் தர ஆள் இருக்கிறது, லிஃப்ட் கணக்கைத் தர ஆள் இல்லையா?

இந்தத் தொழிலில் இருப்பதால் இன்னொன்றும் தெரியும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மேல் 2012-இல் பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் கேஸ் போட்டன. பாடம் நடத்துவதற்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மறு வருஷம் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. இருந்தும் முழுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுகிற பிள்ளைகளிடம் "முடியாதுப்பா" என்றுதான் சொல்கிறேன். அதுகள் முகம் வாடிப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. திறந்த உரிமம் உள்ள புத்தகம் என்றால் எனக்கும் பயமில்லை, அதுகளுக்கும் கெஞ்ச வேண்டியதில்லை.