சாவுக்குச் சந்தா கட்டியவர்கள்

புலம்பெயர்ந்தோர் சங்கம் என்றாலே ஆட்டம், பாட்டு, ஊர்ச் சாப்பாடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சங்கங்கள் போடும் ஆண்டு மலர்களும் அப்படித்தான் இருக்கின்றன. அமெரிக்கா போன ருமேனியர்களின் சங்க வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது அந்த முதல் தலைமுறைக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. அவர்கள் சங்கம் வைத்தது முதலில் பிணம் எடுக்க.

1900-ஐ ஒட்டிப் போனவர்களில் பெரும்பாலோர் அன்றைய ருமேனியாவின் குடிமக்கள்கூட இல்லை. டிரான்சில்வேனியா, பனாத், புக்கோவினா பகுதி விவசாயிகள். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பிரஜைகள். ஊரில் நிலம் போதவில்லை. ஆயிரம் டாலரும் திரும்பி வர வழிச்செலவும் சேர்ந்தால் போதும், வந்து நாலு துண்டு நிலம் வாங்கிவிடலாம் என்பதுதான் கணக்கு. கிளீவ்லாந்து, யங்ஸ்டவுன், ஹோம்ஸ்டெட் உருக்காலைகளில் தினம் 12 மணி நேர வேலை. பகல் ஷிப்ட் இரவாக மாறும் நாளில் தொடர்ந்து 24 மணி நேரம். விடுதியில் ஒருவன் எழுந்த கட்டிலில் அடுத்த ஷிப்ட்காரன் வந்து படுப்பான்.

அப்படி ஒருவன் ஆலைக்குள் செத்துப்போனால்? ஹோம்ஸ்டெட் இருக்கும் பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1915-ல்தான். அதற்கு முன் கம்பெனி மேல் வழக்குப் போட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். பாஷை தெரியாத விவசாயிக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவன் மனைவிக்கும் அது நடக்கிற காரியமா?

1902-ல் கிளீவ்லாந்தில் ‘கார்ப்பாத்தினா’, அதே ஆண்டு ஹோம்ஸ்டெட்டில் ‘வுல்துருல்’ என்று சங்கங்கள் முளைத்தது இந்த நிலைமையில்தான். மாதாமாதம் சந்தா கட்டினால், நோயில் படுத்துவிட்டால் ஒரு உதவித்தொகை. இறந்தால் அடக்கச் செலவு, குடும்பத்துக்கு ஒரு தொகை. அந்தக் காலத்துப் புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் பலவற்றில் உறுப்பினர் மார்பில் குத்திக்கொள்ளும் பட்டைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் கலர் கலராக, திருவிழாவுக்கு. திருப்பினால் கறுப்பு, சவ ஊர்வலத்துக்கு. ஆண்டு மலர்க்காரர்கள் அந்தக் கறுப்புப் பக்கத்தையும் ஒருமுறை படம் போட்டால் என்ன?

1906 ஜூலை 4 அன்று ஹோம்ஸ்டெட்டில் இந்தச் சங்கங்கள் ஒன்றியமாகச் சேர்ந்தன. அதே ஆண்டு கிளீவ்லாந்தில் மொய்சே பாலேயா என்ற பாதிரியார் ‘அமெரிக்கா’ என்ற ருமேனிய மொழிப் பத்திரிகையைத் தொடங்கினார். ஒரே நகரத்தில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயில், போப்பை ஏற்ற கிரேக்கக் கத்தோலிக்கருக்கு ஒரு கோயில் என்று பிரிந்து நின்றவர்கள் சந்தாப் புத்தகத்தில் ஒன்றாக இருந்தார்கள். இந்த வரலாற்றிலேயே எனக்கு ஆகப் பிடித்த இடம் இது.

1918-ல் டிரான்சில்வேனியா ருமேனியாவுடன் சேர்ந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1924-ல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் ருமேனியாவுக்கு ஒதுக்கிய இடம், ஆண்டுக்கு வெறும் 603. புது ஆள் வரத்து அநேகமாக நின்றது. ஒன்றியமும் அதற்குப் போட்டியாக இருந்த ‘லீக்’ என்ற கூட்டமைப்பும் 1928-ல் இணைந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கதையில் ஒரு பெயரைச் சொல்லியே ஆகவேண்டும்: வலேரியன் திரிஃபா. 1941 ஜனவரியில் புக்கரெஸ்ட்டில் ‘இரும்புக் காவலர்’ என்ற பாசிச இயக்கம் கலகம் செய்து நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்களைக் கொன்றது. அந்த இயக்கத்தின் மாணவர் தலைவர் இவர். அதை மறைத்து 1950-ல் அமெரிக்கா வந்தார். அங்குள்ள ருமேனிய ஆர்த்தடாக்ஸ் மறைமாவட்டத்துக்கு ஆயராகவும் ஆனார். உண்மை வெளிவந்து 1980-ல் குடியுரிமையைத் துறந்தார், 1984-ல் நாட்டை விட்டே போனார். அவரை இன்னமும், அன்று ருமேனியாவை ஆண்ட கம்யூனிஸ்டுகளின் சதிக்குப் பலியானவராகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மிச்சிகனில் கிராஸ் லேக் பக்கம் ஒரு ருமேனிய-அமெரிக்க ஆவணக் காப்பகம் இருக்கிறது. குடியேறியவர்களின் பழைய கடிதம், பத்திரிகை, சங்கத் தாள் எல்லாம் திரட்டி வைக்கும் இடம். அதற்குச் சூட்டிய பெயர் திரிஃபாவின் பெயர். உருக்காலையில் செத்தவனுக்குக் குழி வெட்டக் காசு சேர்த்தவர்களின் ஆவணம் இருக்கும் கட்டடத்துக்கு வைக்கவேண்டிய பெயரா அது? ‘கார்ப்பாத்தினா’ என்று வைத்திருக்கலாம்.