வட்டுவாகல் பழைய பாலத்தைக் கைவிட வேண்டாம்

நேற்றுப் பின்னேரம் முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புக்கு வரும்போது, எனக்கு முன்னால் மண் ஏற்றிய டிப்பர் ஒன்று வட்டுவாகல் பாலத்தில் ஏறியது. நான் மோட்டார் சைக்கிளைக் கரையிலேயே நிறுத்தி, அது அந்தப் பக்கம் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையாகவே பயம். கைபிடிச்சுவர் என்று சொல்ல ஒன்றும் இல்லாத ஒடுங்கின பாலம், மாரியில் நந்திக்கடல் களப்பு பெருகினால் வெள்ளம் அதற்கு மேலால்தான் பாயும், வெள்ளம் வற்றினதும் கிடங்குகளில் கல்லும் மண்ணும் போட்டு மூடுவார்கள், அடுத்த மாரிக்குத் திரும்பவும் அதே கதை.

2025 செப்டெம்பரில் புதுப் பாலத்துக்கான வேலையைத் தொடக்கி வைத்தார்கள். சந்தோசம், எத்தனையோ வருடமாகக் கேட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "புதுசு வரப்போகுதுதானே, இனி இதுக்கு ஏன் காசைச் செலவழிப்பான்?" இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புதுசு முடியும் வரைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதால்தானே போய்வர வேண்டும்?

குஜராத்தில் மோர்பி தொங்கு பாலம் 19ஆம் நூற்றாண்டுப் பாலம். திருத்தி முடித்துத் திறந்து நாலே நாளில், 2022 ஒக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்து 130 பேருக்கு மேல் செத்தார்கள். விசாரித்துப் பார்த்தால், பிரதான வடத்தின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்துப் போயிருந்ததாம். அந்த வடத்தை மாற்றாமல், மரப்பலகையைக் கழற்றிவிட்டுப் பாரம் கூடிய அலுமினியத் தளத்தைப் போட்டிருக்கிறார்கள். மேலே பளபளப்பு, தாங்குகிற இடத்தில் துரு. எங்கள் கிடங்கு மூடுகிற வேலையும் அந்த மாதிரித்தான்.

அமெரிக்காவில் பால்டிமோர் பாலம் 2024 மார்ச் 26 அன்று விழுந்ததை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மோதின 'டாலி' கப்பல் கொழும்புக்கு வர வெளிக்கிட்டது. கப்பலில் மின்சாரம் நின்றுபோய்த் தூணில் அடித்தது. அபாயச் செய்தி உடனே போனதால் பொலிசார் வாகனங்களை மறித்துவிட்டார்கள். பாலத்துக்கு மேலே அந்த நடுச்சாமத்தில் கிடங்கு மூடிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர்தான் செத்துப்போனார்கள். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அம்மம்மா 'அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்' என்று சொல்லுவா. 1964 டிசெம்பர் 22இல் வவுனியாவைக் கடந்துபோன அதே புயல்தான் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்து, சனத்தோடு ரயிலை விழுத்தி, 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையும் பிய்த்தது. பாலத்தை விட்டுவிட்டார்களா? சிறீதரன் என்ற பொறியியலாளரின் பொறுப்பில் கடலுக்குள் கிடந்த இரும்புகளையும் மீட்டுப் பூட்டி 46 நாளில் ரயில் விட்டார்கள். 2013 ஜனவரியில் கட்டியிழுத்து வந்த ஒரு கலம் அடித்துத் தூண் சேதமானது, அப்போதும் திருத்தினார்கள். 2022 டிசெம்பர் வரைக்கும் அதில் ரயில் ஓடியது. பழைய பாலம் என்றால் சாகக் கிடக்கிற பாலம் என்று யார் சொன்னது?

அதனால் புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் பாரம் கூடிய டிப்பர்களை இதில் விடக்கூடாது, மாரிக்கு முதல் தூண்களை யாராவது இறங்கிப் பார்க்கவேண்டும். திறந்த பிறகும் பழையதை இடித்து அள்ளிக்கொண்டு போகக்கூடாது, ஒரு துண்டையாவது அப்படியே விடவேண்டும். 2009 மே மாதம் போர் முடிகிற நேரத்தில் எங்கள் சனம் நடந்துவந்த பாலம் இது. பிள்ளையை இந்த இடத்தில்தான் இராணுவத்திடம் கையளித்தேன் என்று சொல்லுகிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள்.

என் அம்மா பஸ்ஸில் இந்தப் பாலம் வந்தால் இன்றைக்கும் கதைக்கமாட்டா. மற்றக் கரை வரும் வரைக்கும் தண்ணியையே பார்த்துக்கொண்டிருப்பா. புதுப் பாலத்தால் போகிற நாளில், பக்கத்தில் பழைய பாலமும் அவவின் கண்ணுக்குத் தெரியவேண்டும்.