ஜடை போட்டவளுக்கும் பேர் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "அக்கா, இது நீங்க போட்டதுதானே?" என்று கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆமாம், இப்போது ஓடுகிற அந்தக் கல்யாண வீடியோவில் மணப்பெண்ணுக்கு இருப்பது நான் போட்ட ஜடைதான். ஆமாம், என் பேரைப் போடவில்லை. கமெண்டில் போய்க் கேட்டதும் நான்தான். கேட்டது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை.

புடவைக் கடை, ஆரி வொர்க், மேக்கப், மெஹந்தி, மேடை அலங்காரம், ட்ரோன் ஓட்டிய பையன் வரைக்கும் டேக் இருக்கிறது. வீடியோவில் பாதி நேரம் கேமரா பெண்ணின் முதுகுப் பக்கம்தான் நிற்கிறது. ராக்கொடியில் தொடங்கி குஞ்சலம் வரை மெதுவாக இறங்கி வருகிறது. அந்த ஜடைக்கு மட்டும் ஆள் இல்லை. "ஹேர் நான் செய்தது, முடிந்தால் டேக் பண்ணுங்க தம்பி" என்று மரியாதையாகத்தான் எழுதினேன். வந்த பதில்: "சடை போட்டதுக்கெல்லாமா பேரு போடுவாவ? அதான் துட்டு வாங்கியாச்சுல்லா." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

துட்டு வாங்கினேன். வேலை செய்தேன், வாங்கினேன். வீடியோ எடுத்தவரும் வாங்கித்தான் எடுத்தார். அவர் பேர் மட்டும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை மூலையில் நிற்கிறதே?

எனக்குக் கடை கிடையாது. பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நிலையில் நான் இல்லை. ரோட்டில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்க ஒரு போர்டு இல்லை. யாராவது என் பேரை டேக் செய்தால் அதுதான் என் போர்டு.

இந்தப் பக்கம் கல்யாண ஆர்டர் எப்படி வருகிறது தெரியுமா? பெண்ணே தேடி வந்து மெசேஜ் போடுவது குறைவு. அம்பாசமுத்திரத்தில் ஒரு சித்தி ரீல் பார்ப்பார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவார். பெரியம்மா, அத்தை, மைனி எல்லோரும் பார்த்துவிட்டு "யாரு போட்டா இந்தச் சடை?" என்று கேட்பார்கள். அங்கே என் பேர் இருந்தால் எனக்குப் போன் வரும். இல்லாவிட்டால் மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்குப் போகும், அல்லது யாருக்குமே போகாது. மேக்கப் பேக்கேஜுக்குள் ஒரு ஆளாகத்தான் பல கல்யாணங்களுக்கு நாங்கள் போகிறோம். பெண் வீட்டாருக்கு எங்கள் பேர்கூடத் தெரியாது. அதனால்தான் பேர், பேர் என்று கத்துகிறேன்.

நான் ஒரு போட்டோ போட்டால் மெஹந்தி போட்ட பெண், பிளவுஸ் தைத்த அக்கா, போட்டோகிராபர், பூ கட்டிக் கொடுத்த அண்ணாச்சி என்று எல்லோர் பேரும் இருக்கும். எனக்கு வந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை அந்த மெஹந்திப் பெண்ணின் ஸ்டோரியைப் பார்த்து வந்தவை. அவளுக்கு நான் அனுப்பியவர்களும் உண்டு. நெட்வொர்க்கிங் என்று கிளாஸ் எடுக்கிறார்களே, அது இவ்வளவுதான். நீ என் பேரைச் சொல், நான் உன் பேரைச் சொல்கிறேன்.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. லாக்டவுனில் என் தங்கையின் தலையை வைத்து டிக்டாக்கில் ஜடை வீடியோ போட ஆரம்பித்தேன். கொஞ்சம் ஆட்கள் சேர்ந்த நேரம், 2020 ஜூன் 29ஆம் தேதி தடை வந்தது. சேர்த்த ஆட்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். அடுத்த மாதம் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். அன்றிலிருந்து யார் விசாரித்தாலும் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

"ஒரு டேக்குக்கு இவ்வளவு சீனா?" என்கிறார்கள். உங்கள் கடை போர்டை ஒருவர் கழற்றி வைத்துவிட்டால் சும்மா இருப்பீர்களா? "கேப்ஷனில் இடம் இல்லை" என்றார் ஒருவர். இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 கேரக்டர் கொடுத்திருக்கிறது. என் பேருக்கு அதில் ஒரு வரி போதும். "விளம்பரப் பைத்தியம்" என்று சொன்னவருக்குப் பதில் இல்லை. பெண் வீட்டார் போட்டோவே போடக்கூடாது என்றால் அது நியாயம். நானே கேட்டுத்தான் போடுகிறேன், முகம் வேண்டாம் என்றால் பின்பக்கம் மட்டும். ஆனால் இங்கே பெண் வீட்டார் சம்மதித்த வீடியோதானே ஓடுகிறது?

என்னை உண்மையில் சுட்டது "சடை போட்டதுக்கெல்லாமா" என்ற அந்த வார்த்தைதான். விடியற்காலை முகூர்த்தத்துக்கு நடுராத்திரியே மண்டபத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் எண்ணெய் வைத்துவிட்டு வந்த முடியில் ஹேர்பின் நிற்காது, அதைச் சரிபண்ண வேண்டும். சவுரி வைத்து, பூ ஜடையை ஊசி நூலால் பிடித்துத் தைத்து, மாலை மாற்றும்போது இழுபட்டாலும் கழன்றுவிடாதபடி நிறுத்த வேண்டும். அத்தனையும் முடித்து நிமிர்ந்தால் "சாப்பிட்டியா" என்று கேட்க ஆள் இருக்காது. பந்திக்கு எந்தப் பக்கம் போவது என்றுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

"ஏட்டி, ஊரார் தலைய வாரதுக்கா ஒன்ன காலேஜுக்கு அனுப்புனேன்?" என்று அம்மா முதலில் அழுதாள். அம்மா எதைப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முடியைத் தொடுகிற வேலையை இந்த ஊர் எந்தக் கண்ணால் பார்த்தது, அந்த வேலை செய்த குடும்பங்களை எங்கே நிறுத்தி வைத்தது என்பதெல்லாம் பழைய கதை ஆகிவிடவில்லை. புடவைக்கு நன்றி சொல்கிற வாய் ஜடைக்கு வரும்போது மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது? மறந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். மறக்கவில்லை. "இதுக்கெல்லாமா" என்று கேட்டார்கள்.

சரி, ஆவணி முகூர்த்தங்களுக்கு விசாரிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இனி மேக்கப் ஆர்ட்டிஸ்ட் மூலம் வந்தாலும் நேரடியாக வந்தாலும், ஹேர் என்று தனியாக என் பேர் வரும் என்று முன்கூட்டியே வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டுதான் அட்வான்ஸ் வாங்குவேன். போட்டோகிராபருக்கும் அதே மெசேஜ் போகும். சம்மதம் என்றால் கூப்பிடுங்கள், தேதி இருக்கிறது.