பொன்னுருவியின் பாட்டைப் பாதியில் நிறுத்தியவர்கள்

நேற்று இரவு பதினொரு மணிக்கு எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. சித்திரை விழாவுக்குக் கலைஞர்களையும் பேச்சாளர்களையும் ஏற்பாடு செய்து தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். தேவைப்படுவோர் பட்டியல் இது: ஒரு ஃபோக் ஐட்டம், பத்து நிமிடம், ஒரு திருநங்கை, ஐந்து நிமிடம், நடனம் என்றால் நல்லது, ஒரு பெண் பேச்சாளர், பெண்களைப் பற்றிப் பேச, பறை, ஆனால் சத்தம் குறைவாக. ஒருவர் பெயரும் அதில் இல்லை. எந்த ஊர்க்காரர்கள், எத்தனை பேர் வருவார்கள், எங்கே ஒப்பனை செய்வார்கள், எவ்வளவு கொடுப்போம் என்று ஒரு சொல்லும் இல்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் இருந்தது: "பொங்கலைப் போலவே இந்த முறையும் நம் பன்முகத்தன்மை தெரிய வேண்டும்."

பொங்கலைப் போலவே. அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கல் விழாவுக்குச் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு ஜமாவை, அதாவது தெருக்கூத்துக் குழுவை, அழைத்து வந்தவன் நான். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பேருந்து ஏறிப் போய், ஜமாவை நடத்தும் வாத்தியாரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலை பாக்குடன் என் கைப்பணம் ஐயாயிரத்தை வைத்துப் பேசி முடித்தேன். பதின்மூன்று பேர், வேன் வாடகை உட்பட அறுபதாயிரம் ரூபாய், கர்ண மோட்சம். எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டபோது, ஏழரையிலிருந்து ஒன்பது என்று சொன்னேன். "விடிய விடிய ஆடுற ஆட்டம் தம்பி. ஒன்றரை மணி நேரம்னா எப்படியாவது சுருக்கிடலாம். அதுக்குக் கீழ மட்டும் வேணாம்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். மன்றத்தின் செயலாளரும் தொலைபேசியில் அவரிடம் அதையே சொன்னார்.

விழா நாளில் மூன்று மணிக்கு அவர்களுடைய வேன் ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் இருக்கும் எங்கள் குடியிருப்பின் வாசலுக்கு வந்துவிட்டது. அதிகாலையில் கிளம்பி, வழியெல்லாம் நின்று வந்தவர்கள். வாசலில் பதின்மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பெயர், கைப்பேசி எண், புகைப்படம் எடுத்து, செயலியில் அனுமதி வாங்கி உள்ளே விட நாற்பது நிமிடம் ஆயிற்று. முகவீணை என்ற ஊதுகுழலை வாசிக்கும் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும்; அவர் வெயிலில் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அன்று மாலை வந்த தொலைக்காட்சி நகைச்சுவைப் பேச்சாளரின் காருக்கு அதே வாசல் நிற்காமல் திறந்தது.

முதலில் கிளப் ஹவுஸில் ஓர் அறை கொடுத்தார்கள். அரிதாரத்தைக் குழைத்து, தகரப் பெட்டியிலிருந்து கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் மார்புப் பதக்கத்தையும் எடுத்து வரிசையாக வைத்த பிறகு, குழந்தைகளின் நடனத்துக்கு அந்தக் குளிர்சாதன அறை வேண்டும் என்று ஒருவர் வந்தார். பெட்டிகளை மறுபடி தூக்கிக்கொண்டு அடித்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடி கிடையாது. ஒருவர் முகத்துக்கு மற்றொருவர் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் கர்ணனுக்கு வேடம் கட்டினார்கள். கூத்து வேடம் கட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டிய பின் சாய்ந்து உட்கார முடியாது. ஏழு மணிக்கு அவர்கள் தயாராக நின்றார்கள்.

ஏழரைக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். நன்கொடை தந்த மூவர் பேசினார்கள், மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நகைச்சுவைப் பேச்சாளர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். அவருக்காக எல்லோரும் காத்திருந்தோம். அவர் எழுபது நிமிடம் பேசினார். பிறகு சினிமாப் பாட்டுகளுக்குக் குழந்தைகள் ஆடினார்கள். பிறகு குலுக்கல் நடந்தது. ஒரு இண்டக்‌ஷன் அடுப்புக்காகச் சீட்டு எண்ணை ஆறு முறை வாசித்தார்கள், சீட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான் மேடைக்குப் பின்னால் செயலாளரிடம் மூன்று முறை போனேன். மூன்று முறையும் "இதோ அடுத்தது அவர்கள்தான்" என்றார். மணி ஒன்பது முப்பத்தாறுக்குக் கூத்தை மேடையேற்றினார்கள். அதற்கு ஆறு நிமிடம் முன்பு பந்தியைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரன் வந்து வணக்கம் சொல்லி, நாற்காலிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டே கதையைத் தொடங்கினான். இருவர் திரையைப் பிடித்தார்கள். கர்ணன் திரைக்குப் பின்னால் நின்று பாடினான். அந்த ஆட்டத்தில் திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிந்து மறைவதும், சலங்கை ஒலிப்பதும், பார்ப்பவர் மனம் ஏங்கி நிற்பதும்தான் பாத்திரத்தின் வருகை. அதற்கென்று ஒரு நேரம் உண்டு. வாத்தியார் அதை எட்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லிச் சைகை காட்டியதை நான் பார்த்தேன். ஒன்பது ஐம்பத்து மூன்றுக்குக் கர்ணனின் மனைவி பொன்னுருவி வந்தாள். போருக்குப் போகாதே என்று கணவனைத் தடுத்து அவள் பாடும் பாட்டுக்காகத்தான் கர்ண மோட்சத்தை ஊரில் கண்விழித்துப் பார்ப்பார்கள். அந்த வேடம் கட்டியவருக்கு நாற்பத்தைந்து வயது. குரல் அப்படி இழைந்தது. மகன் வீட்டில் தங்க ஆரணியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடைக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றது. பாட்டின் நடுவில், ஒரு சொல்லின் நடுவில். பொன்னுருவி நிறுத்தாமல் வெறுங்குரலில் பாடினார். ஒலிபெருக்கி இல்லாத காலத்திலிருந்து வந்த குரல் அது, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அடுத்த நிமிடம் மேடை விளக்கையும் அணைத்தார்கள்.

விதியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, அது நல்ல விதி, நோயாளிகளும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது விழாக் குழுவில் எல்லோருக்கும் முதல் கூட்டத்திலேயே தெரியும். தெரிந்துதான் நகைச்சுவைக்கு எழுபது நிமிடம், குலுக்கலுக்கு இருபது நிமிடம், கூத்துக்கு மிச்சம் என்று கொடுத்தீர்கள். இந்த நகரத்துக்குப் பாரதக் கதை புதியதும் இல்லை. திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திரௌபதிக்கு எடுக்கும் கரகம் புறப்பட்டு, தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய், விடியும்வரை தெருத்தெருவாக வருவதைப் பார்க்கப் பெங்களூரே விழித்திருக்கிறது. பாரதக் கதைக்காக ஓர் இரவு முழுவதையும் கொடுக்கும் ஊரில், நம்மால் ஏழரை மணிக்குச் சொன்னதை ஏழரை மணிக்குக் கொடுக்க முடியவில்லை.

அன்று எனக்கு மிகவும் கேவலமாகத் தோன்றியது அதற்குப் பிறகு நடந்தது. "இருபத்து நான்கு நிமிடம்தானே ஆடினார்கள்" என்று பொருளாளர் முப்பதாயிரத்தை மட்டும் எண்ணிக் கொடுத்தார். நேரத்தைப் பறித்தவர்களே நேரத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கிறார்கள். தாமதமாக வந்தவருக்கு 1,75,000 ரூபாயும் விமானச் சீட்டும் இரண்டு வாரம் முன்பே போய்விட்டன. அதில் நாற்பது நிமிடத்தைக் கழிக்க யாருக்கும் கை வரவில்லை. கூத்துக்காரர்களிடம் மட்டும் கடிகாரத்தைக் காட்டத் துணிந்தார்கள், ஏனென்றால் நடு இரவில் வேன்காரனுக்குப் பணம் கொடுத்து ஊர் திரும்ப வேண்டிய வாத்தியார் சண்டை போட மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பணம் குறைவாக இருந்ததால் இப்படிச் செய்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். நான் ஊருக்குப் போவதற்கு முன், நிகழ்ச்சிக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டு வாங்கியிருந்தார்கள். 1,30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 1,53,400. கூத்து கிடைக்காவிட்டால் பொய்க்கால் குதிரை அனுப்புகிறோம், எல்லாம் ஃபோக்தானே என்றும் எழுதியிருந்தார்கள். அதே நிறுவனம் முந்தைய ஆண்டு ஒரு திருமணத்துக்கு இந்த ஜமாவை அனுப்பி, கையில் கொடுத்தது இருபத்தெட்டாயிரம் என்று வாத்தியார் சொன்னார். நேரடியாகக் கொடுத்தால் பில் வராதே என்று பொருளாளர் இழுத்தார். நாட்டார் கலையிலோ செவ்வியல் கலையிலோ இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞருக்கு, ஊதியம் 1,50,000 ரூபாயைத் தாண்டாதவரை, ஜிஎஸ்டி விலக்கு அரசு அறிவிக்கையிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் ரசீது எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன.

இப்போது அதே ஆட்கள் அடுத்த பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள். "ஒரு திருநங்கை" என்கிறார்கள். திருநங்கையான நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றது, பரத ஆசான்களான தஞ்சை நால்வர் மரபில் வந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பயின்று ஆடிய பரதத்துக்காக. நம் பட்டியலில் பரதம் என்ற சொல்லே இல்லை, ஐந்து நிமிடம் என்ற அளவு மட்டும் இருக்கிறது. "பெண்களைப் பற்றிப் பேச ஒரு பெண்" என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், இதே பெங்களூரின் தொம்மலூர் சொக்கநாதசாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளை வரி வரியாகப் படித்துக் காட்டக் கூடியவர். சென்ற ஆண்டு அவருக்காக இவர்களிடம் பேசியபோது, "கல்வெட்டு எல்லாம் கனமாக இருக்கும், மகளிர் முன்னேற்றம் என்று ஏதாவது பேசச் சொல்லுங்கள்" என்றார்கள். அவர் மறுத்துவிட்டார், மறுத்தது சரிதான். பிறகு பறை, சத்தம் குறைவாக. தீயில் காய்ச்சித் தோலை இறுக்குவதே அது ஒலிக்க வேண்டும் என்பதற்காக. 2025இல் பறைக்கு வேலு ஆசானும் கூத்துக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் பத்மஸ்ரீ பெற்றபோது இதே குழுவில் கைதட்டும் படங்கள் நிறைந்தன. அந்தக் கலை நம் வாசலுக்கு வந்தால் மட்டும் ஒலியைக் குறைக்கச் சொல்கிறோம்.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு ஜமாவைத் தேடிக்கொண்டு கீழே போனேன். அடித்தளத்தில் வேனுக்குப் பக்கத்தில் பதின்மூன்று பேரும் நின்றார்கள். ஒருவரும் வேடம் கலைக்கவில்லை. கதையைப் பாதியில் விட்டுக் கிரீடத்தைக் கழற்றக் கூடாது என்று வாத்தியார் சொன்னார். பொன்னுருவி விட்ட சொல்லிலிருந்து பாட்டை எடுத்து, கார்களுக்கு நடுவில் மெல்லிய குரலில் முடித்தார். முகவீணைப் பெரியவர் வாசிக்கவில்லை, விரலால் மட்டும் துளைகளை மூடித் திறந்துகொண்டிருந்தார். மங்களம் பாடினார்கள். ஆரணிப் பாட்டியும் எப்படியோ வழி கேட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தார். முந்தானையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துப் பொன்னுருவியின் கையில் வைத்தார்.

அவர்களுக்குத் தர வேண்டிய இருபத்தைந்தாயிரம் இன்னும் போய்ச் சேரவில்லை. அது வாத்தியாரின் கணக்கில் ஏறிய ரசீதைக் குழுவில் போடுங்கள். அதுவரை சித்திரை விழாவுக்கு என் வாயால் ஒரு கலைஞரையும் நான் கூப்பிட மாட்டேன்.