மிட்வைஃபுக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?

இரண்டாவது பிள்ளை மிட்வைஃபின், அதாவது படித்துப் பதிவு பெற்ற மருத்துவிச்சியின், கையில் வீட்டில் பிறந்தது என்று சொன்னால் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நோவு தாங்க முடிந்ததா, பிள்ளை சுகமா என்பதெல்லாம் பிறகு. கேட்பவர்களில் சிலர் இதைக் காசுள்ள வெள்ளைக்காரிகளின் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். மாமிமாருக்கோ ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் மருத்துவிச்சியைக் கூப்பிட்ட காலம் ஞாபகம் வருகிறது. "கனடாவுக்கு வந்தும் இப்பிடியோ பிள்ளை?"

ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஒன்ராறியோவில் பதிவு பெற்ற மிட்வைஃபுக்குச் சம்பளம் மாகாண அரசின் பணத்திலிருந்து போகிறது. வீட்டில் பெற்றாலும், ஆஸ்பத்திரியில் பெற்றாலும், 2014 இல் ரொறன்ரோவிலும் ஒட்டாவாவிலும் திறந்த பிரசவ நிலையங்களில் பெற்றாலும் அதே கதைதான். கர்ப்பகாலத் தவணைகள், பேறு, பிறகு ஆறு வாரம் வரை தாயையும் பிள்ளையையும் பார்ப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். முதல் வாரத்தில் அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அம்மா அடுப்பில் பத்தியக்கறி வைத்துக்கொண்டு நிற்க, அந்த மிட்வைஃப் கட்டிலில் இருந்து என் குழந்தையை நிறுத்துப் பார்த்ததை ஆஸ்பத்திரியின் எந்தக் கட்டிலுக்கும் மாற்ற மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் வசிப்பவருக்கு ஹெல்த் கார்ட், அதாவது மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை, இல்லாவிட்டாலும் மிட்வைஃப் கவனிப்புக்குக் காசில்லை. விசா முடிந்து பதிலுக்காகக் காத்திருப்பவர்கள், புதிதாக வந்து இன்னும் எந்தக் கடதாசியும் கையில் இல்லாதவர்கள் எங்கள் மத்தியில் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தி பில்லுக்குப் பயந்து ஏழாம் மாதம் வரை யாரிடமும் காட்டாமல் இருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில், காப்புறுதி இல்லாதவர்களின் ஆஸ்பத்திரிச் செலவையும் மாகாணம் ஏற்கத் தொடங்கியது. 2023 மார்ச் 31 உடன் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே வீட்டில் தொடங்கி இடையில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் கட்டில், மயக்க மருந்து, நிபுணர் என்று பில் வரலாம். முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

காசு கொடுத்தோம் என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் அது டூலாவுக்குக் கொடுத்ததாக இருக்கும். டூலா முதுகைத் தடவிவிடுவார், தைரியம் சொல்வார், மூச்சு விடச் சொல்லித்தருவார். நல்ல துணைதான். ஆனால் பிள்ளையை ஏந்துவதும் இரத்தப்போக்கை நிறுத்துவதும் அவர் வேலையல்ல. அவருக்கான கட்டணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். சில வேளை அது ஆயிரம் டொலரையும் தாண்டும்.

சரி, காசு பிரச்சினையில்லை என்றால் எது பிரச்சினை? இடம் கிடைப்பதுதான்.

மிட்வைஃபிடம் போகக் குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. நீங்களே கிளினிக்குக்கு அழைக்கலாம். ஆனால் ஒவ்வொரு மிட்வைஃபும் ஒரு மாதத்தில் எடுக்கும் பேறுகளுக்கு அளவு உண்டு. அது நிரம்பினால் வெயிட்டிங் லிஸ்ட். எங்கள் வழக்கமோ மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடுவதில்லை. கண்ணூறு படும், பிள்ளை தங்குமோ தெரியாது, பொறு என்பார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் மாதத்துக்கான இடங்கள் போய்விடும். ஊருக்குச் சொல்லாதீர்கள், கிளினிக்குக்குச் சொல்லுங்கள். டெஸ்டில் இரண்டு கோடு தெரிந்த கிழமையிலேயே அழையுங்கள். ஒரு கிளினிக்கோடு நிற்காமல், உங்கள் பகுதியை எடுக்கும் எல்லாவற்றிலும் பெயர் கொடுங்கள். குடும்ப வைத்தியர் வழக்கம்போல் மகப்பேற்று நிபுணருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், இரண்டு பேரிடமும் சமமாகப் போய்வர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பொறுப்பாளர் ஒருவர்தான்.

ஏன் இவ்வளவு தட்டுப்பாடு? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 1994 க்கு முன் இந்த மாகாணத்தில் மிட்வைஃப் வேலைக்குச் சட்ட அங்கீகாரமே இருக்கவில்லை. வீட்டில் பெற விரும்பிய குடும்பங்கள் சொந்தக் காசைக் கொடுத்தன. 1985 இல் ஒரு வீட்டுப் பேறு பற்றிய மரண விசாரணையில், இதைத் தடை செய்யுங்கள் என்று சொல்லாமல், சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று ஜூரி பரிந்துரைத்தது. அப்படிப் போராடிக் கட்டிய ஏற்பாடு இது. மிட்வைஃபுக்கான நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு இருந்த மூன்று இடங்களில் ஒன்றான லோரன்ஷியன் பல்கலைக்கழகம், 2021 இல் பணமுடையில் சிக்கியபோது அந்தத் துறையை மூடிவிட்டது. வட ஒன்ராறியோவில் இருந்தது அது ஒன்றுதான். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிப்பித்த இடமும் கூட.

சம்பளக் கதை இன்னும் மோசம். மிட்வைஃப் சங்கம் 2013 இல் மனித உரிமை மன்றத்துக்குப் போனது. பெண்கள் செய்யும் வேலை என்பதால் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் வழக்கு. 2018 இல் பாகுபாடு நடந்தது உண்மை என்று தீர்ப்பு. 2020 இல், 2011 வரை பின்னோக்கி 20 வீதம் கூட்டிக் கொடுக்க உத்தரவு. அரசு மேன்முறையீடு செய்து 2022 இல் அங்கும் தோற்றது. நடுச்சாமத்தில் பனிக்குள் கார் ஓட்டி வந்து என் பிள்ளையை ஏந்தியவருக்கு ஒழுங்கான கூலி கொடுக்க ஒன்பது வருடம் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. எனக்கு இலவசம் என்பதால் அவர்களின் உழைப்பும் மலிவாக இருக்க வேண்டும் என்பதல்லவே.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் போனால் கீழே கமெண்டில் திருப்பூர் வரும். 2018 இல் அங்கே ஒரு இளம் தாய், வீடியோ பார்த்து வீட்டில் பெறப்போய் இரத்தப்போக்கில் இறந்தார். பயிற்சி பெற்ற ஒருவரும் பக்கத்தில் இல்லாத பேறு அது. நான் பேசுவது அதைப் பற்றியல்ல, அதை நியாயப்படுத்தும் எவருடனும் எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இங்கே பேறு நெருங்கும்போது பயிற்சி பெற்ற இரண்டு பேர் நிற்பார்கள், ஒருவர் தாய்க்கு, ஒருவர் பிள்ளைக்கு. ஒக்சிசன், இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி, சேலைன், பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கும் கருவி எல்லாம் கையோடு வரும்.

2006 முதல் 2009 வரை இந்த மாகாணத்தில் மிட்வைஃபுடன் வீட்டில் பெறத் திட்டமிட்ட ஏறத்தாழ 11,500 பேறுகளை, ஆஸ்பத்திரியில் பெறத் திட்டமிட்ட அதே மாதிரியான பேறுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கனேடிய மருத்துவச் சங்க இதழில் 2016 இல் வந்தது. பிள்ளை இறப்பதில் வேறுபாடு தெரியவில்லை, சிசேரியன் வீட்டுப் பக்கம் குறைவு. ஆனால் 2011 இல் இங்கிலாந்தில் வந்த பெரிய ஆய்வையும் மறைக்கக்கூடாது. அங்கே முதற்பேற்றை வீட்டில் திட்டமிட்டவர்களில் 45 வீதமானோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். பிள்ளைக்கு இறப்போ கடுமையான பாதிப்போ ஆயிரத்துக்கு 9.3, ஆஸ்பத்திரியில் 5.3. இரண்டாம் பேறு என்றால் அந்த வேறுபாடு இல்லை, மாற்றப்பட்டவர்களும் 12 வீதம்தான். ஆகவே என் தங்கை முதல் பிள்ளைக்கு என்னிடம் கேட்டபோது, மிட்வைஃபை எடு, இடத்தை ஆஸ்பத்திரியாக வை என்றுதான் சொன்னேன். அதுவும் அவர்கள் செய்வார்கள். எபிடூரல், அதாவது நோவு தெரியாமல் முதுகில் போடும் ஊசி, வேண்டுமென்றால் எப்படியும் அங்கேதான் போக வேண்டும்.

இன்னொன்று. எங்கள் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சீனி வருத்தம் அதிகம் வருகிறது. சாப்பாட்டால் கட்டுப்படுமானால் மிட்வைஃபே தொடர்ந்து பார்க்கக்கூடும். இன்சுலின் தேவைப்பட்டால், இரட்டைப் பிள்ளைகள் என்றால், பிறசர் ஏறினால் நிபுணரிடம் போகத்தான் வேண்டும். வீட்டில் பெறுவேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேனே என்று அந்த நேரத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

தேடுபவர்கள் முதல் சந்திப்பில் கேட்க வேண்டியது, மிட்வைஃபுக்கு எந்த ஆஸ்பத்திரியில் பேறு பார்க்க அனுமதி இருக்கிறது என்பது. அங்கேதான் உங்களை மாற்றுவார்கள், அவர்களும் கூட வருவார்கள். உங்கள் வீட்டிலிருந்து அங்கே போக, ஜனவரி மாதப் பனியில், எவ்வளவு நேரம் என்று நீங்களே கார் ஓடிப் பாருங்கள். அப்பார்ட்மென்டில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். நாங்களும் அப்பார்ட்மென்ட்தான். லிஃப்ட் வேலை செய்கிறதா, அம்புலன்ஸ் கட்டில் அதற்குள் போகுமா என்று மிட்வைஃபே முன்கூட்டி வந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்டிருக்கும். அவரும் மூன்று பிள்ளைக்காரர், ஒன்றும் சொல்லவில்லை.