பெக்கெட்டை விட்டுவிடுங்களேன்

நேற்று ஒரு பதிவின் கீழே நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு, பதிவில் இருந்த படம் இது: பட்டமளிப்பு மேடை, பின்னால் திரையில் ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் சுருக்கம் விழுந்த முகம், கீழே 'மறுபடி தோற்றுப் போ, இன்னும் நன்றாகத் தோற்றுப் போ'. இதை வெற்றி மந்திரம் ஆக்காதீர்கள் என்று நான் போட்ட கமென்ட் நான்கே வரி. வந்த பதில்களில் மரியாதையானது இது: "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் எரியுமா அண்ணே?"

எரிகிறது தம்பி.

அந்த வரி 1983இல் வெளியான 'வொர்ஸ்ட்வர்ட் ஹோ' என்ற குட்டிப் புத்தகத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு 77 வயது. சொல்ல வந்ததைச் சொல்லால் சொல்லவே முடியாது என்று சொல்லிச் சொல்லித் தேய்கிற எழுத்து அது. அடுத்த சில வரிகளிலேயே இன்னும் மோசமாக, குமட்டும்வரை, வாந்தி எடுக்கும்வரை தோற்கச் சொல்கிறார். அதையும் திரையில் போடுங்களேன்! பிரெஞ்சில் எழுதித் தானே ஆங்கிலமாக்கிக்கொண்ட மனிதர், ஆங்கிலத்தில் எழுதிய இதைப் பிரெஞ்சாக்க முடியாமல் கைவிட்டார். நமக்கு மட்டும் ஒரு வரியில் புரிந்துவிட்டது.

"தோற்றுத் தோற்றுத்தானே சார் நோபல் வாங்கினார்?" என்பீர்கள். சரி. 'மர்ஃபி' நாவலை ஏறக்குறைய 40 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அவருடைய புகழ்பெற்ற 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம் 1953 ஜனவரியில் பாரிஸில் மேடையேறியபோது அவருக்கு 46 வயது. ஆனால் 1969இல் நோபல் செய்தி வந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பேரழிவு" என்றார் மனைவி சுசான். துனிசியாவில் இருந்த பெக்கெட் விழாவுக்கே போகவில்லை. நாஜிகளுக்கு எதிரான ரகசியக் குழுவில் வேலை செய்து, 1942இல் நூலிழையில் தப்பி, தெற்கு பிரான்ஸின் ரூசியோன் கிராமத்தில் ஒளிந்திருந்தவர். அதற்குப் பதக்கம் கொடுத்தபோதும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. இவரையா வெற்றிக்கு வழிகாட்டி ஆக்குகிறீர்கள்?

டென்னிஸ் வீரர் வாவ்ரிங்கா அந்த வரியைக் கையில் பச்சை குத்தியிருக்கிறாரே என்று இரண்டு பேர் படம் போட்டார்கள். மூன்று கிராண்ட் ஸ்லாம் ஜெயித்தவர் கையில் எதைக் குத்தினாலும் அழகாகத்தான் இருக்கும்.

என் கதை வேறு. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ஒரே மதியத்தில் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு கவர், ஆளுக்கொரு வெள்ளைக் காபி கோப்பை. கோப்பையில் இதே வரி. பெக்கெட் பெயரில் ஓர் எழுத்து வேறு குறைவு. கொடுத்த பெண் என் கண்ணைப் பார்க்கவில்லை. பாவம், அவரும் அடுத்த மாதம் போய்விட்டார். அன்று நாங்கள் யாரும் தோற்கவில்லை. வேலையைப் பறித்தார்கள், அவ்வளவுதான். பறித்தவர்களே அதற்குத் தோல்வி என்று பெயரும் வைத்து, பாடமும் எடுத்தார்கள்.

"யாருக்காவது நம்பிக்கை கிடைத்தால் உனக்கென்ன நஷ்டம்?" ஒன்றுமில்லை. கிடைக்கட்டும். ஆனால் பதினைந்து வருடப் பழக்கம், என்னோடு புத்தகக் கண்காட்சியில் டீ குடித்த ஆள், "பொறாமை" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு பிளாக் செய்துவிட்டுப் போகிறாரே, அதற்கு எந்த வரியை மேற்கோள் காட்டுவது?

கோப்பை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. காது உடைந்துவிட்டது. அம்மா அதில்தான் அரிசி அளக்கிறார். ஒன்றரைக் கோப்பை போட்டால் மூன்று பேருக்குச் சரியாக இருக்கிறது.