வரி பிடித்த ஓநாய்

அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசையைப் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் மூன்றாவது வரியில் ராபர்ட் ஜான்சன் என்ற பாடகர் வந்து நிற்பார். நள்ளிரவு, நாற்சந்தி, கிதார் வித்தைக்காகச் சாத்தானுடன் பேரம், 27 வயதில் சாவு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. அவர் பதிவு செய்துவிட்டுப் போன 29 பாட்டும் அதைவிட நன்றாக இருக்கின்றன. ஆனால் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, குடித்துச் சீரழிந்தால்தான் ப்ளூஸ்காரன் என்று ஆக்கிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எனக்குப் பிடித்த ப்ளூஸ்காரர், தன் பேண்ட் ஆட்களின் சம்பளத்தில் ஒழுங்காக வரி பிடித்துக் கட்டியவர்.

ஹௌலின் வுல்ஃப், அதாவது ஊளையிடும் ஓநாய். இயற்பெயர் செஸ்டர் ஆர்தர் பர்னெட். பழைய அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள். பிறந்தது 1910-ல், மிசிசிப்பியில் வொயிட் ஸ்டேஷன் என்ற சின்ன ஊரில். சிறுவனாக இருந்தபோதே அம்மா வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். தூரத்து மாமா ஒருவர் வீட்டில் அடியும் உதையும். 13 வயதில் அங்கிருந்து ஓடிப்போய் டெல்டா பகுதியில் இருந்த அப்பாவிடம் சேர்ந்தார். அங்கே பருத்தி வேலை. டாக்கரி பண்ணைப் பக்கம் சார்லி பேட்டன் என்ற ப்ளூஸ் பாடகர் கிதார் சொல்லிக்கொடுத்தார். ஹார்மோனிகாவை இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சனிடம் கற்றுக்கொண்டார். நடுவில் கொஞ்ச காலம் ராணுவம். அப்புறம் மறுபடி ஏர்.

ஏறக்குறைய 40 வயது வரைக்கும் இந்த மனிதர் விவசாயிதான், பாட்டு வார இறுதியில். 1948-ல் மேற்கு மெம்பிஸுக்கு வந்து வானொலியில் பாட ஆரம்பித்தார். அதைக் கேட்டுத்தான் சாம் ஃபிலிப்ஸ் 1951-ல் மெம்பிஸில் ஒலிப்பதிவு செய்தார். எல்விஸ் பிரெஸ்லியை உலகத்துக்குக் காட்டிய அதே ஃபிலிப்ஸ், தான் கண்டெடுத்தவர்களில் வுல்ஃபுக்கு இணை யாருமில்லை என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாடகர் குரலை உடைத்து மேலே ஏற்றிப் பாடுவார். வுல்ஃபுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பாடிப் பார்த்தார், வரவில்லை. வந்தது உறுமலும் ஊளையும்தான். சரி, இதையே வைத்துக்கொள்வோம் என்று வைத்துக்கொண்டார். ஆறடிக்கு மேல் உயரம், நூற்றிருபது கிலோவுக்கு மேல் எடை, அந்த உடம்பிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்து, வரி முடிகிற இடத்தில் சட்டென்று மெலிந்து உச்சிக்குப் போகும்.

தெற்கிலிருந்து சிகாகோவுக்குப் போன கறுப்பின இசைக்கலைஞர்கள் பெரும்பாலும் ரயிலில், கையில் ஒன்றுமில்லாமல் போனவர்கள். 1943-ல் மடி வாட்டர்ஸும் அப்படித்தான் போனார். வுல்ஃப் 1950-களின் தொடக்கத்தில் போனார், சொந்தக் காரில், பையில் கிட்டத்தட்ட 4000 டாலருடன். தெற்கிலிருந்து கனவானாகக் கிளம்பியவன் நான் ஒருத்தன்தான் என்று பிற்காலத்தில் பெருமை பேசுவார். பேசட்டும், உரிமை இருக்கிறது.

சிகாகோ கிளப்புகளில் அந்தக் காலத்தில் பேண்ட் ஆட்களுக்குக் கூலி என்பது ராத்திரி முடிந்ததும் கையில் திணிக்கிற நோட்டு. சில இடங்களில் அதுவும் பாதி, மீதி பாட்டில். வுல்ஃப் முறையாகச் சம்பளம் கொடுத்தார். சமூகப் பாதுகாப்புக்குப் பிடித்தம், வேலையில்லாக் காலக் காப்பீடு, எல்லாம் உண்டு. நம்மூர்ப் பாஷையில் சொன்னால், கச்சேரி செட்டு ஆட்களுக்கு பி.எஃப். பிடித்த மாதிரி. கச்சேரி இல்லாத மாதங்களில் அவருடைய ஆட்கள் அரசாங்கத்திடம் போய் உதவித்தொகை வாங்க முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்த மனிதர் நாற்பதைத் தாண்டி இரவுப் பள்ளிக்குப் போய்ப் படித்தார், கணக்குவழக்கும் கற்றுக்கொண்டார். மனைவி லில்லி வரவுசெலவைப் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் வாழ்க்கை வரலாற்றின் ஓரத்தில் சுவாரசியத் துணுக்காகப் போடுகிறார்கள். எனக்கு இதுதான் மையம்.

ஹியூபர்ட் சம்லின் கதையைப் பாருங்கள். ஆர்கன்சாவில் ஒரு சாராயக்கடையில் வுல்ஃப் பாடுகிறார். உள்ளே விட வயசு போதாத பையன், வெளியே பாட்டில் பெட்டிகளை அடுக்கி ஏறி ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். பெட்டி சரிகிறது, பையன் நேராக மேடையில் வந்து விழுகிறான். வுல்ஃப் அவனைத் துரத்தவில்லை. பாட்டு முடியும்வரை உட்கார வைத்து, அப்புறம் தானே வீட்டுக்குக் கூட்டிப்போய், பையனை அடிக்காதீர்கள் என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாராம். வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர் அல்லவா.

சில வருஷம் கழித்து அதே பையனுக்கு ரயில் டிக்கெட் அனுப்பிச் சிகாகோவுக்கு வரவழைத்தார். ஒருநாள் வாசிப்பு சரியில்லை என்று திட்டி, கம்பியை மீட்டுகிற பிக் வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் விரலில் வாசித்துப் பழகு என்று வீட்டுக்கு அனுப்பினார். இன்று நாம் கேட்கிற அந்த வளைந்து நெளிந்து ஓடும் கிதார் ஒலி அப்படித்தான் பிறந்தது.

மனிதர் சாந்தசொரூபி இல்லை. சம்லினுடன் கைகலப்பே நடந்திருக்கிறது. 1966 நியூபோர்ட் விழாவில் எடுத்த படச்சுருளில், குடித்துவிட்டுத் தடுமாறும் சன் ஹவுஸை, தனக்கு மூத்த மேதையை, மைக்கிலேயே வைத்து விளாசுகிறார். உனக்கு வாழ்க்கை ஒரு வாய்ப்புக் கொடுத்தது, நீ என்ன செய்தாய் என்கிற தோரணையில். பார்க்கவே கூச்சமாக இருக்கும். அது கொடுமைதான். ஆனால் குடியைக் கவிதையாக்கும் நம்மைவிட, அந்தக் குழியின் விளிம்பில் நின்று தப்பி வந்தவருக்கு அதன் மேல் இருந்த கோபம் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அவர் அம்மா அவரைக் கடைசிவரை சேர்த்துக்கொள்ளவே இல்லை. சாத்தானின் பாட்டுப் பாடிச் சம்பாதித்த காசு என்று, மகன் கொடுத்த பணத்தைத் தரையில் வீசியிருக்கிறார். இவ்வளவு கணக்குப் பார்த்தவருக்கே பாட்டுரிமைப் பணம் முழுசாக வரவில்லை. கடைசிக் காலத்தில், பாட்டுரிமையை வைத்திருந்த ஆர்க் மியூசிக் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். மறுபக்கம், அவர் பாடிய ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு வழியாக 1964-ல் பிரிட்டனில் முதலிடம் போனது. ஸ்டோன்ஸாரைப் பாராட்டவும் வேண்டும். 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தபோது, வுல்ஃபும் வந்தால்தான் வருவோம் என்றார்கள். வந்தார், பாடினார். பையன்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

பிறகு மாரடைப்புகள், 1970-ல் கார் விபத்து, சிறுநீரகம் போனது. டயாலிசிஸ் செய்துகொண்டே கச்சேரி செய்தார். 1975 நவம்பரில் சிகாகோவில் கடைசி மேடை, 1976 ஜனவரி 10-ல் மரணம்.

புதிதாகக் கேட்பவர்கள் தயவுசெய்து பிரிட்டிஷ் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனுடன் செய்த லண்டன் ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள். அதில் ரசிக்க எனக்குப் பிடித்த இடம், ‘ரூஸ்டர்’ பாட்டை எப்படி வாசிப்பது என்று கிளாப்டனுக்குக் கிழவர் பொறுமையில்லாமல் சொல்லிக்கொடுக்கும் பேச்சு. முதலில் 1951-ல் மெம்பிஸில் பதிவான ‘ஹௌ மெனி மோர் இயர்ஸ்’, அடுத்து 1956-ல் வந்த ‘ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்’. ஹெட்போனில், சத்தமாக. இரண்டாவது பாட்டில் கிதார் சம்லின், வில்லி ஜான்சன் இருவருடைய கைவண்ணம்.